மூன்று துறைக்கு ஒரு ஜெனெட்டிக் அனலைசர்: கேப்பிலரிக்கு முன்னால் சாம்பிளை எண்ணுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கலை அறிவியல் கல்லூரி. தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் என்று மூன்று துறைகள் சேர்ந்து, டிஎன்ஏவைப் படிக்கும் கருவியான ஜெனெட்டிக் அனலைசர் ஒன்று கேட்டு நிதிக்கு விண்ணப்பிக்கப் போகின்றன. வாழை ரகங்களைப் பிரித்தறிய வேண்டும், வாழைத் தோட்டத்து மண்ணிலும் வேரிலும் இருக்கும் பாக்டீரியா, பூஞ்சைகளை அடையாளம் காண வேண்டும், முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. அதற்குள் டிஎன்ஏ ஓடும் மெல்லிய குழாய், அதாவது கேப்பிலரி, நாலு போதுமா, எட்டு வேண்டுமா, துறைகளுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

கேப்பிலரி எண்ணிக்கை கடைசியில் பார்க்க வேண்டியது. வாரத்துக்கு எத்தனை சாம்பிள் வரும், கருவியை ஓட்டப்போகும் ஆள் யார் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு பொது ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்தவன் நான். பதில் இல்லாமல் வாங்கிய இடங்களின் கதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் வருடம் திறப்பு விழா. அடுத்த வருடம் கேப்பிலரிக்குள் நிரப்பும் பாலிமர் வாங்கப் பணமில்லை. வாரண்டி முடிந்த பிறகு கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது மட்டும் உறையை எடுத்துத் துடைத்து வைப்பார்கள்.

கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், செலவுக் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. 1977ல் ஃபிரெடரிக் சாங்கர் குழு வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது சங்கிலியை அங்கங்கே நிறுத்திவிடும் மூலக்கூறுகளைக் கலந்து, வெவ்வேறு நீளத்தில் நின்றுபோன துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் படிப்பது. அன்றைக்கு அதைக் கதிரியக்கமும் பெரிய தட்டு ஜெல்லும் வைத்துச் செய்தார்கள். 1986ல் கால்டெக்கில் லீராய் ஹூட்டின் ஆய்வகம் டிஎன்ஏவின் நாலு எழுத்துக்கு (ஏ, சி, ஜி, டி) நாலு ஒளிர் சாயம் என்று மாற்றியது. 1990களில் ஜெல் தட்டு போய் 50 மைக்ரோமீட்டர் உள்விட்டம் உள்ள கண்ணாடிக் குழாயான கேப்பிலரி வந்தது. 1998ல் வந்த ஏபிஐ 3700 என்ற கருவியில் அப்படி 96 குழாய்கள். மனித ஜீனோம் திட்டம் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் வாங்க நினைப்பது அந்தக் குடும்பத்தின் சின்ன வாரிசு.

ஒவ்வொரு ரன்னுக்கும், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும், பழைய ஜெல்லின் வேலையைச் செய்யும் பிசுபிசுப்பான பாலிமரைக் கருவி கேப்பிலரிக்குள் புதிதாக அழுத்தி நிரப்பும். மின்னழுத்தம் கொடுத்ததும் டிஎன்ஏ துண்டுகள் உள்ளே இழுக்கப்பட்டு, சின்னது முன்னாலும் பெரியது பின்னாலுமாக ஓடும். ஓரிடத்தில் லேசர் பட்டு சாயம் ஒளிரும், கேமரா பதிவு செய்துகொள்ளும். இதே ஓட்டத்தில் இரண்டு வேலை செய்யலாம். எழுத்து வரிசையைப் படிக்கலாம், அல்லது வரிசையை விட்டுவிட்டுத் துண்டின் நீளத்தை மட்டும் ஓரெழுத்துத் துல்லியத்தில் அளக்கலாம். இந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்தே போகிறார்கள். ஒரு கல்லூரி இந்தக் கருவியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதற்கு நியாயம் இருந்தால் அது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இப்போது செலவு. கருவியின் விலைக்கு நிதி கிடைத்துவிடும், அது ஒரு தடவைச் செலவு. வலிப்பது அதற்குப் பிறகுதான். பாலிமர், மின்சாரம் கடத்தும் பஃபர் கரைசல், கேப்பிலரிகளின் தொகுப்பான அரே மூன்றுக்கும் பெட்டியில் ஒரு எக்ஸ்பைரி தேதி, கருவியில் பொருத்திய நாளிலிருந்து இன்னொரு ஆயுள். ஏபிஐ 3500 போன்ற கருவிகளில் இவை எல்லாவற்றிலும் மின்னணு அட்டை ஒட்டியிருக்கும், நாள் கடந்தால் திரையில் எச்சரிக்கை வரும். அந்த வகை அரேவுக்கு நிறுவனம் உறுதி தருவது 160 ரன்னுக்கு. எட்டு கேப்பிலரி கருவியில் ஒரே ஒரு சாம்பிள் போட்டாலும் எட்டுக் குழாயும் நிரம்பும், 160ல் ஒன்று கழியும். அப்படி ஓட்டினால் அந்த ஒரு சாம்பிள் எட்டு சாம்பிளின் செலவைச் சுமக்கிறது. சரி, செலவைக் குறைக்க ஓட்டாமலே வைத்திருப்போம் என்றால் அதுவும் முடியாது. கேப்பிலரி நுனி எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் உள்ளே பாலிமர் படிந்து அடைத்துக்கொள்ளும். பம்பையும் வழித்தடங்களையும் அவ்வப்போது கழுவ வேண்டும். வாரக்கணக்கில் யாரும் தொடாத கருவி, வாரம் முழுக்க ஓடும் கருவியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். இதை முதல்வரிடமும் நிதி அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்து, உங்கள் சாம்பிள்களை எண்ணிப் பாருங்கள். மூன்று துறையிலும் சேர்த்து நாற்பது முதுகலை மாணவர்கள் என்று வைப்போம். ஆளுக்கு ஐந்து சாம்பிள், ஒவ்வொன்றையும் இரு பக்கமிருந்தும் படித்தால் 400 ரீட் (ஒரு தடவை படித்து எடுப்பது ஒரு ரீட்). 96 குழி பிளேட்டில் நாலேகால் பிளேட்கூட ஆகாது. எட்டு கேப்பிலரி கருவியில் ஒரு பிளேட்டுக்கு 12 ரன், ஒரு ரன்னுக்குச் சுமார் ஒரு மணி நேரம். மாலையில் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் முடிந்திருக்கும். ஒரு வருடத்து மாணவர் வேலை மொத்தமும் கருவிக்கு ஒரு வாரம்தான். மீதி 51 வாரத்துக்கு யார் சாம்பிள் கொடுப்பார்கள் என்பதற்கு உங்கள் விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும். பிஎச்டி ஸ்காலர்கள், நடப்பு புராஜெக்ட்கள், பக்கத்துக் கல்லூரிகள் என்று பெயரும் எண்ணிக்கையுமாக எழுதுங்கள். ‘வட்டாரத்தின் ஆராய்ச்சித் தேவையை நிறைவு செய்யும்’ போன்ற வரியை மதிப்பீட்டாளர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல், வருடம் முழுக்க வாரம் ஒரு பிளேட். அதற்குக் கீழே என்றால் வெளியே அனுப்புவதுதான் மலிவு. ஒரு ரீடுக்குச் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, சில நாட்களில் முடிவை மின்னஞ்சலில் அனுப்பும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. பிசிஆர் செய்து, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் பல பிரதிகளாகப் பெருக்கி எடுத்த டிஎன்ஏ கூரியரில் ஓரிரு நாள் தாங்கும், ஐஸ் கட்டி அனுப்பியே தீர வேண்டும் என்பதில்லை. ஒன்று மட்டும் கவனம். சாம்பிள் நாட்டுக்கு வெளியே போகிறதா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டு உயிரினப் பொருட்கள் வெளிநாடு போவதற்கு 2002ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் விதிகள் உண்டு. அதை நடத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

பொதுக் கருவிகளும் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் மையத்தைப் போல வெளியாட்களுக்குக் கட்டணத்தில் கருவி தரும் அரசு மையங்கள் நாடு முழுக்க உண்டு. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி நேரம் பதிவு செய்யலாம். விண்ணப்பம் எழுதும் முன் அதில் உங்கள் ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் தேடிப் பாருங்கள். இருந்தால் அதை மறைத்து எழுதாதீர்கள். ‘அது இருந்தும் எங்களுக்கு ஏன் தனியாக வேண்டும்’ என்று எழுதத் தெரிந்தால் விண்ணப்பம் பலப்படும். தெரியவில்லை என்றால் உங்களுக்குத் தனிக் கருவி தேவையில்லை.

தனியாக வேண்டும் என்பதற்கு உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. வாழை.

வாழையில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள ரகங்கள்தான் அதிகம். ஏ, பி என்பவை வாழையின் இரண்டு மூதாதை இனங்களிலிருந்து வந்த தொகுதிகளுக்கான குறிகள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் ஏஏபி. கற்பூரவள்ளி, மொந்தன் ஏபிபி. இவற்றைப் பிரித்தறிய எஸ்எஸ்ஆர் எனப்படும் குறுந்தொடர் மறுவரும் பகுதிகளைப் பார்ப்பார்கள். ஒரு ரகத்தில் ‘சிடி’ என்ற ஈரெழுத்து 14 தடவை வரும், இன்னொன்றில் 17 தடவை. வித்தியாசம் ஆறே எழுத்து. சாதாரண அகரோஸ் ஜெல்லில் இரண்டும் ஒரே பேண்டாகத் தெரியும். கேப்பிலரியில் 182, 188 எழுத்து நீளம் என்று வரைபடத்தில் தனித்தனி முகடாக, அதாவது பீக்காக நிற்கும். பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரில் சாயம் ஒட்டி, நாலு நிறத்தில் நாலு பகுதிகளையும் ஐந்தாவது நிறத்தில் அளவுகோல் துண்டுகளையும் ஒரே குழாயில் ஓட்டலாம். சாயம் ஒட்டிய பிரைமர் விலை அதிகம் என்றால், பிரைமரின் முனையில் எம்13 என்ற பொது வரிசையை வாலாகச் சேர்த்துப் பொதுவான ஒரே சாயப் பிரைமரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் முறை 2000ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

படிப்பதில்தான் சூட்சுமம். உண்மையான பீக்கின் இடப்பக்கம் ஈரெழுத்து தள்ளி ஒரு குட்டி பீக், அதற்கும் இடப்பக்கம் இன்னும் குட்டியாக ஒன்று என்று படிக்கட்டு மாதிரி வரும். அது ஸ்டட்டர், பிசிஆர் என்சைம் வழுக்குவதால் வருவது. புதிய மாணவர் அதையும் ஒரு அல்லீலாக, அதாவது அந்தப் பகுதியின் இன்னொரு வடிவமாக எண்ணிவிடுவார். மும்மடி வாழையில் மூன்று பீக் வரை நியாயமாகவே வரலாம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். இரண்டு பீக் வந்து ஒன்று மற்றதைப் போல இருமடங்கு உயரம் இருந்தால் அந்த அல்லீல் இரண்டு பிரதி இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே துண்டு ஒரு கருவியில் 182 என்றும் வேறு கருவியில் 183 என்றும் அளக்கப்படும். பாலிமர் மாறினாலும் அறை வெப்பநிலை மாறினாலும் கொஞ்சம் நகரும். அதனால் ஒரு ஆய்வின் எல்லாச் சாம்பிளையும் ஒரே கருவியில், ஒவ்வொரு பிளேட்டிலும் தெரிந்த ரகம் இரண்டையாவது சேர்த்து ஓட்ட வேண்டும். இந்த மாதிரி வேலையை வெளியே துண்டு துண்டாக அனுப்பிச் செய்வது தலைவலி. திருச்சியில் 1993லிருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தெரிந்த ரகத்தின் இலைக்கு அவர்களிடம் முறைப்படி எழுதிக் கேளுங்கள். சந்தையில் வாங்கிய பழத்தின் பெயரை நம்பி ஒப்பீட்டு ரகம் வைக்காதீர்கள்.

நுண்ணுயிரியல் துறைக்குச் சொல்ல வேண்டியது வேறு. தனியாகப் பிரித்து வளர்த்த ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் கண்டுபிடிக்கப் படிப்பது எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுப் பகுதி, சுமார் 1,500 எழுத்து. சாங்கர் முறையில் ஒரு ரீட் நன்றாக வந்தால் 700லிருந்து 900 எழுத்து, ஆக இரண்டு பக்கமிருந்தும் படித்து இணைக்க வேண்டும். நடுவில் ஒன்றோடொன்று மேற்படும் பகுதி சுமாராக இருந்தால் மூன்றாவதாக ஒரு பிரைமரும் தேவைப்படும். அதோடு, 16எஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பேசில்லஸ் சீரியஸ், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராக்ஸ் கிருமி மூன்றுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. பூஞ்சையில் அதற்குப் பதில் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் படிப்பது வழக்கம், ஆனால் வாழைக்காரர்களுக்கு முக்கியமான ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் அது இனத்தைப் பிரித்துக் காட்டாது. பனாமா வாடல் நோயைத் தரும் ஃபியூசேரியத்தைப் பார்க்கிறவர்கள் டிஇஎஃப்1 ஆல்ஃபா மரபணுவையும் படிக்க வேண்டும். அந்தப் பூஞ்சையின் வெப்பமண்டல ரேஸ் 4 என்ற வகை இந்தியாவுக்குள் வந்துவிட்டது, பீகாரில் தென்பட்டது. அதனால் இந்த வேலை வெறும் பாடத்திட்டப் பயிற்சியாக நின்றுவிடாது.

ஒரு தப்பான எதிர்பார்ப்பையும் இங்கேயே எடுத்துவிடுகிறேன். மண்ணிலிருந்து மொத்த டிஎன்ஏவை எடுத்து அதில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று பார்க்க இந்தக் கருவி உதவாது. ஆயிரம் வரிசை கலந்திருக்கும்போது சாங்கர் ரீடில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பீக் விழுந்து எதையும் படிக்க முடியாது. அதற்கு இல்லுமினா வகைக் கருவியோ ஆக்ஸ்ஃபோர்ட் நானோபோர் நிறுவனத்தின் கையடக்க மினியனோ வேண்டும். மண்ணின் மைக்ரோபயோம், அதாவது மொத்த நுண்ணுயிர்க் கூட்டம்தான் உங்கள் முக்கிய ஆர்வம் என்றால் கேப்பிலரி கருவியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் யோசியுங்கள். மினியனில் மாற்றிப் போடும் ஃப்ளோசெல் என்ற பாகத்துக்கும் எக்ஸ்பைரி உண்டு, அதிலும் தப்பிக்க முடியாது.

பயிற்சி என்ற காரணத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்தப் பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறது. பெட்டிக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது, மூடிதான் தெரியும். முன்னால் நடப்பது டிஎன்ஏ எடுப்பது. வாழை இலையில் பாலும் பாலிஃபீனாலும் அதிகம். விரிந்த இலையில் எடுத்தால் பழுப்பாக, கொழகொழவென்று வரும், பிசிஆர் வேலை செய்யாது. இன்னும் விரியாத குருத்தில் எடுத்து, டிஎன்ஏவைப் பிரிக்கும் சிடிஏபி பஃபரில், பாலிஃபீனாலைக் கட்டுப்படுத்தும் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்தால்தான் தேறும். அப்புறம் பிசிஆர், ஜெல்லில் ஒரே பேண்ட் வருகிறதா என்று பார்ப்பது, துண்டுகளில் சாயம் சேர்க்கும் பிக்டை வினை, பிறகு எத்தனால் போட்டு மிச்சச் சாயத்தைக் கழுவுவது. இந்தக் கழுவலைச் சரியாகச் செய்யாத ரீடைத் திறந்தால் எழுபது எண்பதாவது எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அகலமான மேடு நின்று கீழே உள்ள பீக்குகளை மறைத்திருக்கும். எத்தனால் முழுக்க உலராமல் விட்டாலும் சிக்னல் விழும், ரொம்ப உலர்த்தினால் திரும்பக் கரையாது. இதெல்லாம் கையால் செய்து கெடுத்தால்தான் வரும்.

பின்னால் நடப்பது குரோமட்டோகிராமை, அதாவது கருவி தரும் பீக் வரைபடத்தைப் படிப்பது. மாணவர்களிடம் எழுத்துக் கோப்பை மட்டும் கொடுத்தால் அதை அப்படியே தெரிந்த வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் போட்டு, முதலில் வந்த பெயரை ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள். வரைபடமும் சேர்ந்த ஏபி1 கோப்பைக் கொடுங்கள். இலவச மென்பொருளில் திறந்து முதல் முப்பது நாற்பது எழுத்தை ஏன் வெட்ட வேண்டும், 800க்கு மேல் பீக் ஏன் தட்டையாகிறது, நடுவில் இரட்டைப் பீக் வந்தால் அது கலப்புக் காலனியா, வேறு ஏதாவதா என்று உட்கார வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தர எண் இருக்கும். 20 என்றால் நூற்றில் ஒன்று தப்பாக இருக்க வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இது புரிந்த மாணவருக்கு எந்த நிறுவனத்திலும் வேலை எளிது. இதற்கு அனலைசர் உங்கள் கட்டடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல பிசிஆர் கருவி இரண்டு, பிளேட் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ், ஜெல் அமைப்பு, மைனஸ் 20 ஃப்ரீசர், வெளியே ரன் செய்யப் பணம் இருந்தால் போதும்.

சரி, எண்ணிப் பார்த்தீர்கள், வாரம் ஒரு பிளேட் தேறுகிறது, வாங்குவது என்று முடிவு. பங்கீட்டுக்கு வருவோம். கருவி எந்தத் துறைக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. துறைத் தலைவர் அறைக்குப் பக்கத்தில் வைத்துச் சாவியை அவர் மேசையில் போட்டுவைத்த ஒரு இடத்தை எனக்குத் தெரியும். மற்ற இரண்டு துறையும் ஆறு மாதத்தில் வெளியே அனுப்ப ஆரம்பித்துவிட்டன. பொதுவான அறை, சம்பளம் உறுதியான ஒரு டெக்னீஷியன், அவரைத் தவிர வேறு யாரும் பாலிமர் மாற்றவோ அரே கழற்றவோ கூடாது என்ற விதி, இவ்வளவும் அடிப்படை. இரண்டு வருட புராஜெக்டில் வரும் உதவியாளரை நம்பி ஓட்டினால் அவர் போகும்போது பழக்கமும் சேர்ந்து போய்விடும். மாணவர்கள் பிளேட் தயாரித்து, குழியில் காற்றுக்குமிழி இல்லாமல் சுற்றி, 95 டிகிரியில் சூடாக்கி ஐஸில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கட்டும். குமிழி இருந்தால் அந்தக் குழாயில் டிஎன்ஏ ஏறாது, அவ்வளவுதான். சாம்பிளைக் கரைக்கும் ஃபார்மமைடு கையில் படாமல் கையுறையோடு வேலை செய்யப் பழக்குங்கள்.

ரன் நாளைத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அதில் பிளேட் நிரம்பினால் ஓடும், நிரம்பாவிட்டால் அடுத்த நாளுக்குக் காத்திருக்கும், யார் அவசரப்பட்டாலும் சரி. கட்டணம் உள்ளேயும் வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் ஜெல் பார்க்காத சாம்பிளெல்லாம் வந்து சேரும், பாலிமருக்கும் பணம் இருக்காது. தோல்வியடைந்த ரன்னுக்கு யார் பணம் கட்டுவது என்ற சண்டை கண்டிப்பாக வரும். அதற்கு வழி சுலபம். பிக்டை கிட்டோடு தெரிந்த வரிசையுள்ள கன்ட்ரோல் டிஎன்ஏ ஒன்று வருகிறது. ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு குழியில் அதைப் போடுங்கள். அது நன்றாக வந்து உங்கள் சாம்பிள் வரவில்லை என்றால் குறை சாம்பிளில், கட்டணம் உங்களுடையது. அதுவும் வரவில்லை என்றால் ஆய்வகம் திரும்ப ஓட்டித் தரும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஆன்லைன் யூபிஎஸ், இரவும் ஓடும் ஏசி, ஈரப்பதக் கட்டுப்பாடு. ரன் பாதியில் மின்சாரம் போனால் அந்தப் பிளேட் போச்சு.

இப்போது நாலா எட்டா. உங்கள் அளவுக்கு நாலு கேப்பிலரி கொண்ட கார்ட்ரிட்ஜ் வகை, சீக்ஸ்டூடியோ போன்றது, பொருத்தம். கேப்பிலரி, பாலிமர் எல்லாம் ஒரே கார்ட்ரிட்ஜில் வருகிறது, கருவியில் மாதக்கணக்கில் தாங்குகிறது, வரிசையறிதலையும் துண்டு நீளத்தையும் ஒரே பிளேட்டில் கலந்து ஓட்டலாம். அதாவது தாவரவியலும் நுண்ணுயிரியலும் பாலிமர் மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். வேகம் குறைவு, ஆனால் வாரம் ஒரு பிளேட்டுக்கு வேகம் யாருக்கு வேண்டும்? எட்டு கேப்பிலரி, சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எழுத்தில் சாம்பிள் உறுதி தந்தால் மட்டும். 310, 3130 போன்ற பழைய மாடல் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாகம் கிடைக்காது.

கொட்டேஷன் கேட்கும்போது கருவி விலையை மட்டும் கேட்காதீர்கள். வாரண்டிக்குப் பிறகு ஐந்து வருட ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், லேசரும் பம்பும் அதில் அடங்குமா, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து எத்தனை நாளில் வருவார், மென்பொருள் உரிமம் எத்தனை கணினிக்கு, கார்ட்ரிட்ஜும் ரீஏஜென்ட்டும் மூன்று வருடத்துக்கு என்ன விலை என்று எல்லாம் ஒரே தாளில் வரட்டும். எக்ஸ்பைரிக்குக் குறைந்தது எத்தனை மாதம் மீதமுள்ள சரக்கு அனுப்புவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் நிதி தீர்க்க மொத்தமாக ஆர்டர் போடும் கல்லூரிகளுக்குத்தான் தேதி நெருங்கிய பெட்டி வந்து சேரும்.